மிச்ச உல்லனில் ஒரு சட்டை

என் கணவருடைய அண்ணன் மனைவி என்னோடு முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, அவளுடைய குறைமாதப் பிள்ளைக்கு நான் உல்லன் சட்டையும் குல்லாவும் பின்னினேன். பாசத்தால் பின்னினேன் என்று பின்னாளில் சில உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். பாசமெல்லாம் இல்லை. ஒவ்வொரு வரிசையையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன். அதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக இருந்தது.

அறுபதுகளின் பிற்பாதி. காரைக்குடியில் எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீண்ட வீடு. மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூத்தவளின் இரண்டு பெண்பிள்ளைகள். அவ்வளவு பேர்தான் அதில் இருந்தோம். எங்கள் ஆட்களில் கல்யாணமான மகன்களுக்கு ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு. பின்கட்டில் அவளுடைய அடுப்படிக்கும் என்னுடையதற்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் தாளிப்பது எனக்குத் தெரியும். நான் தீய்ப்பது அவளுக்குத் தெரியும்.

அவள் நெற்குப்பையில் பெரிய வீட்டுப் பெண். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குன்னூரில். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே கடை. அந்தக் குளிரில் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் பின்னத் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "இந்த வெயிலுக்கு இங்க ஆடு மாடே உரிச்சுப் போட்டுட்டுத் திரியுது. இவ கம்பளி பின்னப் போறாளாம்." அப்போதெல்லாம் என்னை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவாள். நானும் அவளை ஆச்சி என்றுதான் அழைத்தேன்.

சண்டை வந்தது அவளுடைய இரண்டாவது பெண்ணால். அது ஆறு மாதக் குழந்தை. ஒருநாள் தாழ்வாரத்தில் பாயில் கிடந்து வீறிட்டு அழுதது. அவள் கொல்லைப்பக்கம் இருந்தாள். நான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன், அழுகை நின்றது. அவள் வந்தாள், ஒரு சொல் பேசாமல் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். பத்து நிமிஷத்தில் ஒரு கை உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே குழந்தையின் தலையை மூன்று முறை சுற்றி, கரியடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. அவள் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தீகளா அயித்தை, நெடியே இல்ல. கண்ணு அம்புட்டு இருந்திருக்கு."

எனக்குத் தொண்டை காந்தியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது, எனக்குப் பிள்ளை இல்லை. பிறகும் இல்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பது அங்கே நின்ற வேலைக்காரிக்குக்கூடப் புரிந்தது.

"நெடி எனக்கு மூக்கப் பிடுங்குது ஆச்சி. ஒங்களுக்கு மூக்கு அடைச்சிருந்தா நான் என்ன செய்யட்டும்?" என்றேன்.

நாங்கள் நேருக்கு நேர் பேசியது அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "குழாயைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டாக", "வெறகு இங்குட்டு வந்து கெடக்கு, எடுத்துக்கிறச் சொல்லுங்க" என்று. பகை வந்த பிறகுதான் எனக்கு மரியாதையும் வந்தது. நானும் என் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். அவள் வடாம் காயப்போட்ட அன்று அதே முற்றத்தில் கம்பளத்தை உதறினேன். வேண்டுமென்றேதான்.

மூன்றாவது பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டுக்குப் போக நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே, மார்கழி பிறந்த வாரத்தில், வலி எடுத்துவிட்டது. எட்டாம் மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. லேடி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஆண்பிள்ளை. பன்னிரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து, பஞ்சில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். தலையும் மாரும் எப்போதும் சூடாக இருக்க வேண்டும், உல்லன் குல்லாவும் சட்டையும் வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

காரைக்குடிக் கடைகளில் உல்லன் உடுப்புக்கு எங்கே போவது? என் கணவருடைய அண்ணன், அதாவது பிள்ளையின் தகப்பனார், மதுரைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார். இருந்ததிலேயே சின்னது அதுதானாம். அதில் அந்தப் பிள்ளையைப் போல் இரண்டு பிள்ளையை நுழைக்கலாம். கழுத்து வழியாகப் பிள்ளை கீழே இறங்கியது என்று வேலைக்காரி வந்து சொன்னாள்.

அன்று மத்தியானம் மாமியார் என் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் அப்படி வருகிறவர் அல்ல, ஆள் விட்டுக் கூப்பிடுகிறவர்.

"ஏத்தா, ஒனக்கு உல்லன் பின்ன வருமில்ல?"

"வரும் அயித்தை. கேக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் கேக்குறேன்."

"பெத்தவுக கேக்கலையே."

"அவ கேக்க மாட்டா. நீயும் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே. பிள்ளை ஒதடு நீலம் பாய்ஞ்சு கெடக்கு."

"நான் பின்னுனா போடுவாகளா? என் கண்ணு பொல்லாத கண்ணுல்ல?"

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "போட வைக்கிறது எம் பொறுப்பு. ஒனக்கு இஷ்டமிருந்தா பின்னு. இல்லைனா இல்லைன்னு வாயத் தொறந்து சொல்லிரு, நான் வேற வழி பாக்குறேன்."

நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. பிள்ளைமேல் இரக்கம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது மனசுக்குள் ஓடியது வேறு: என் கை பட்ட துணியை அவள் தன் பிள்ளைக்கு மாட்ட வேண்டும், மாட்டி அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

பின்னுவதற்கு என்னிடம் புதுநூல் இல்லை. சீர் வைக்கும் ஓலைக் கொட்டான்களுக்கு உல்லனில் மேலுறை போட்டுத் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். என் கல்யாணத்துக்கு அப்படிப் போட்டபோது மிஞ்சிய துண்டு உருண்டைகள் தகரப்பெட்டியில் கிடந்தன. சிவப்பு கொஞ்சம், இலைப்பச்சை கொஞ்சம், கடுகு மஞ்சள் ஒரு எலுமிச்சை அளவு. அப்பச்சிக்கு நான் பின்னிய ஸ்வெட்டரில் மிஞ்சிய சாம்பல்நிறம் அரை உருண்டை. எதிலும் ஒரு முழுச் சட்டைக்கு நூல் தேறாது. போதாததற்குச் சிவப்பு தடி, பச்சை மெலிசு. பச்சையை இரட்டையாக்கினால் சிவப்போடு சேரும் என்று கணக்குப் பண்ணினேன். சாம்பல்தான் இருப்பதில் மெத்தென்றிருந்தது. அதைக் கழுத்துக்கும் குல்லாவின் விளிம்புக்கும் என்று எடுத்து வைத்தேன்.

ஊசி இல்லை. என்னுடையவை குன்னூரிலேயே தங்கிவிட்டன. என் கணவர் பேங்கில் வேலை பார்த்தார், சைக்கிளில்தான் போய்வருவார். அவர் தூங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின் சக்கரத்திலிருந்து குறடால் இரண்டு கம்பிகளைக் கழற்றினேன். வளைந்த தலையை வெட்டி, முனையை அம்மிக்கல்லில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். மறுமுனையில் கண்ணி நழுவாமலிருக்க அரக்கை உருக்கி ஒரு குமிழ் வைத்தேன். திங்கட்கிழமை அவர் பேங்கிலிருந்து திரும்பி, "சக்கரம் கோணிக்கிட்டு ஆடுது, யாரோ எடுத்து ஓட்டியிருக்கானுக" என்றார். நான் கம்பிகளைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒன்றும் சொல்லாதவர். அதுவும் எனக்கு அந்த வீட்டில் ஒரு கோபம்.

அடுத்தது அளவு. பிள்ளை பெற்றவள் இருந்த அறைக்குள் நான் போகக்கூடாது என்று சொல்லாமலே சொல்லியிருந்தார்கள். தலையையும் மாரையும் நூலால் அளந்து அனுப்பச் சொன்னேன். வேலைக்காரி இரண்டு வெள்ளை நூல் கொண்டுவந்தாள். தலைநூலுக்குச் சரியாக ஒரு தேங்காய் தேடினேன். பெட்டியிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நூலைச் சுற்றிப் பார்த்து, நாரெல்லாம் சுத்தமாக உரித்த ஒரு சின்னக் காயைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று கண்ணும் மேலே பார்க்க அதை ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, அதுதான் பிள்ளை என்று வைத்துக்கொண்டு பின்னினேன்.

வேலை எளிமையானதுதான். குல்லா நீளமான ஒரு பட்டை. அதை இரண்டு ஓரமும் சேர்த்துத் தைத்து, உச்சியை நூல் கோத்து இறுக்கிவிட வேண்டியது. சட்டை முன்னே ஒரு சதுரம், பின்னே ஒரு சதுரம். தோளில் மட்டும் இணைப்பு, பக்கவாட்டில் முடிச்சுப் போட நாடா. பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தி மாட்ட வேண்டாம், படுத்த வாக்கிலேயே கட்டிவிடலாம். உல்லன் தோலை உறுத்தாமல் இருக்க என் கணவரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்தேன். எங்கே ஒரு நிறம் தீர்ந்ததோ அங்கே அடுத்த நிறத்தை முடிந்தேன். அழகு பார்க்கவில்லை. பின்னும்போதெல்லாம் அவளை மனசுக்குள் வைதுகொண்டே இருந்தேன். பிள்ளையை வையவில்லை. அதில் கவனமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொடுத்தனுப்பினேன். கால்மணி நேரத்தில் வேலைக்காரி இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் நின்றாள்.

"குல்லா தலையில ஏறலையாம் ஆச்சி. சட்டையும் கூடலையாம்."

"அளந்துதானே பின்னுனேன்?"

அவள் இழுத்தாள். "வேணும்னே சின்னதாப் பின்னியிருக்காகன்னு சொல்றாக."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. தலைநூலை வேலைக்காரியின் கண் முன்னால் தேங்காயில் சுற்றிக் காட்டினேன். குல்லா தேங்காய்க்குக் கனகச்சிதமாக இருந்தது. வேலைக்காரி என் பக்கம் குனிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிராதீக. அந்த நூல அவுகதான் ரெண்டு வெரக்கடை கொறச்சு வெட்டிக் குடுத்தாக. பிள்ளையோட சரியான அளவு வெளிய போகக் கூடாதாம். அளவு கெடைச்சா அதை வச்சு என்ன வேணாலும் செஞ்சிருவாகளாம்."

செய்வினை. நான் அவள் பிள்ளைக்குச் செய்வினை வைப்பேன் என்று நினைத்திருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்த பிள்ளையின் தலைக்கு இரண்டு விரல் குறைத்து நூலை வெட்ட அவளுக்குக் கை வந்திருக்கிறது.

நான் எழுந்து நேரே அந்த அறைக்குப் போனேன். கதவைத் தள்ளினேன். உள்ளே சாம்பிராணிப் புகை. மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் சுவரோரம் சாய்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள்.

"தொடாதீக!" மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"தொடத்தான் போறேன்" என்றேன். "அளவத் திருடிக் குடுத்தவுகளுக்குப் பேச வாயில்ல. அயித்தை, நூல ரெண்டு வெரக்கடை வெட்டித்தான் அனுப்பியிருக்காக. கேளுங்க."

மாமியார் அவளைப் பார்த்தார். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியார் முந்தானையை விலக்கினார்.

நான் பிள்ளையின் தலையைக் கையால் சுற்றி அளந்தேன். ஒரு சாணும் நாலு விரலும். உச்சி மெல்லத் துடித்தது. என் கை சூடாக இருந்ததோ என்னவோ, பிள்ளை முனகலை நிறுத்தி என் உள்ளங்கைப் பக்கம் தலையைத் திருப்பியது. மாரை அளந்தேன், தோளை அளந்தேன், தோளிலிருந்து தொப்புள்வரை அளந்தேன். அவசரப்படவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். பயத்திலா, அவமானத்திலா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றும் மறுநாளும் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் பின்னினேன். பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது, நீட்டி நனைத்துக் காயவைக்க நேரமில்லை, அப்படியே போட்டேன். அளவு கூடியதால் நூல் போதவில்லை. கடைசி நாலு வரிசைக்கு என்னுடைய ஒரு கொட்டான் மேலுறையைப் பிரித்தேன். இந்த முறை நானே எடுத்துப்போய் மாமியார் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி அங்கேயே பிள்ளைக்கு மாட்டினார். சரியாக இருந்தது.

அந்த மார்கழியும் தையும் பிள்ளை அதிலேயே கிடந்தது. ஈரமானால் கரியடுப்புக்கு மேலே கூடை கவிழ்த்து அதன்மேல் உலர்த்துவார்கள். நீலம் மாறிச் சிவப்பு வந்தது, பால் குடிக்கத் தெம்பு வந்தது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சுவருக்குக்கூட அவள் சொல்லவில்லை. நான் நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். எதிர்பார்த்தேன். தினமும் எதிர்பார்த்தேன்.

மாசியில் நெற்குப்பையிலிருந்து அவள் தாய்வீட்டு உறவுப் பெண்கள் நாலைந்து பேர் பிள்ளை பார்க்க வந்தார்கள். வீட்டு விருந்தாளிகள் என்பதால் காப்பி போட்டு எடுத்துப்போனது நான். தாழ்வாரத்தில் கால் வைக்கும்போது ஒரு அம்மாள் சட்டையின் நிறங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இது ஏது, இம்புட்டுக் கலர்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னாள்: "எங்க அண்ணன் பினாங்குலேருந்து அனுப்புனது. அங்கிட்டு இப்ப இதுதான் பேஷனாம்."

தம்ளர்களைத் தட்டோடு கீழே வைத்தேன். "பினாங்குல சைக்கிள் கம்பியிலதான் பின்றாகளா?" என்றேன். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. "உள்ள திருப்பிப் பாருங்க. எங்க வீட்டுக்காரரு வேட்டிக் கரை தெரியும்."

கேட்ட அம்மாள் கையை எடுத்துக்கொண்டார். அவள் முகம் செத்துப்போனது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். காப்பியை ஒவ்வொருவருக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன், அவளுக்கும்.

மறுநாள் காலையில் சட்டையும் குல்லாவும் துவைத்து மடித்து என் அடுப்படி வாசலுக்கு முன்னால் தரையில் கிடந்தன. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நான் எடுக்கவில்லை. என் கையால் கொடுத்ததை என் கையால் திரும்ப வாங்குவதா? அவளும் எடுக்கவில்லை. மூன்று நாள் அப்படியே கிடந்தது. நான் அதைத் தாண்டித் தண்ணீர் எடுத்துவந்தேன். அவள் அதைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். வேலைக்காரி அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பெருக்கினாள். மூத்தவளுடைய பெரிய பெண் பொம்மைக்குப் போட எடுத்தபோது தாய்க்காரி கையில் ஒன்று போட்டு, திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னாள்.

நாலாம் நாள் மாமியார் குனிந்து எடுத்தார். முழங்கால் வலிக்காரர், எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு அடுப்படிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஒருத்தி பெத்தா, ஒருத்தி பின்னுனா. ரெண்டு பேரும் சேந்து அந்தப் பிள்ளைய என்ன பாடு படுத்துறீக! ஒங்க ரெண்டு பேரையும் இந்த வீட்டுக்குக் கொண்டாந்த என்னைய நானே அடிச்சுக்கிறணும்."

சட்டையையும் குல்லாவையும் தன் அறைக்கு எடுத்துப்போனார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. கேட்டு வாங்கவைத்தது நான்தான். போகிற அன்று அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. மதுரையில் எனக்கு நல்ல ஊசிகள் கிடைத்தன, நிறம் நிறமாக நூல் கிடைத்தது. தெருப் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் நிறையப் பின்னினேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் காரைக்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. என் கணவர் பேருக்குத்தான் எழுதியிருந்தாள். பையனுக்குக் குளிர்காலமானால் இழுப்பு வருகிறது, ஒரு உல்லன் சட்டை இருந்தால் நல்லது, வீட்டில் சொல்லவும். என் பெயரில்லை, விசாரிப்பில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து அவளுடையது. கணக்குப்பிள்ளையைக் கொண்டு எழுதவைக்காமல் தானே எழுதியிருந்தாள். பையனுடைய உயரம், மார், தோள், கை நீளம் எல்லாம் அங்குல அங்குலமாகச் சரியாகக் குறித்திருந்தாள்.

கார்டை என் கணவர் இரண்டு தடவை படித்தார். "பின்னிக் குடுத்துரு. ஒனக்கு நாலு நாள் வேலை" என்றார். அவர் ஒரு அபிப்பிராயம் சொன்னதே அபூர்வம். பெட்டியில் நீலநூல் ஆறு உருண்டை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணிகூட ஏற்றிவிட்டேன், நாற்பதோ என்னவோ. பிறகு இழுத்து உருவிவிட்டேன்.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் ஆயத்தமாகத் தொங்கிய ஒரு ஸ்வெட்டரை வாங்கித் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது, இந்தத் தடவை என் பேருக்கு. ஒரே வரி. "சட்டை வந்தது, கை நீளமாக இருக்கிறது."

கை நீளமாக இருக்கும் என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும்.